பிடித்த பியானிஸ்ட், பெரிய பியானிஸ்ட்

1980-ல் வார்சாவில் நடந்த ஷோபான் சர்வதேசப் பியானோ போட்டியின் நடுவர் குழுவிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள். இரண்டு விலகலிலும் ஒரே பெயர் அடிபட்டது: யூகோஸ்லாவியாவிலிருந்து வந்திருந்த இவோ பொகொரெலிச் என்ற இளைஞர். லூயிஸ் கென்ட்னர் முதல் சுற்று முடிந்ததுமே கிளம்பிவிட்டார். இப்படி வாசிக்கிறவர்கள் எல்லாம் அடுத்த சுற்றுக்குப் போவதென்றால் எனக்கு இங்கே என்ன வேலை என்பது அவர் நிலைப்பாடு. மார்த்தா ஆர்கெரிச் மூன்றாம் சுற்று முடிந்தபிறகு கிளம்பினார். அந்தப் பையன் ஒரு மேதை, அவனை இறுதிச்சுற்றுக்கு விடாத குழுவில் நான் இருக்கமாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு.

இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. கென்ட்னர் லிஸ்ட்டின் இசையில் ஊறிய மூத்த கலைஞர். ஆர்கெரிச் அதே வார்சா போட்டியை 1965-ல் வென்றவர். இருவரும் கேட்டது ஒரே கைகள் வாசித்த ஷோபானைத்தான். ஒருவருக்கு அது பொறுக்கமுடியாத அபசாரம், இன்னொருவருக்கு அது பல வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிற அதிசயம்.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "ரசனை ஆளுக்கு ஆள் மாறும் பாஸ், இதுல என்ன இருக்கு?" கேட்பதற்குப் பெருந்தன்மையான வாக்கியம். யார் மனதையும் புண்படுத்தாது. ஆனால் எனக்கு இந்த வாக்கியத்தோடு நீண்டகாலப் பகை. காரணம், இதைச் சொன்னபிறகு பேசுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. எனக்குப் பிரியாணி பிடிக்கும், உனக்குப் புளியோதரை பிடிக்கும், சரி, கிளம்பு. கென்ட்னரும் ஆர்கெரிச்சும் பிரியாணி-புளியோதரைக்காகப் பதவியை உதறவில்லை. தன்னுடைய கருத்து வெறும் விருப்பம் என்று நினைக்கிற யாரும் அப்படி உதறமாட்டார்கள். தாங்கள் கேட்டதில் ஏதோ ஒன்று உண்மை, அல்லது பொய், என்று அவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா? ஒரு பியானிஸ்ட் எனக்குப் பிடிப்பதற்கும் அவர் பெரியவராக இருப்பதற்கும் நடுவே கோடு போடமுடியுமா? முடியும் என்பது என் கட்சி. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கருவியைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிடலாம். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. அடிப்பதற்குச் சற்றுமுன் சுத்தியலுக்கும் விரலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். கேரம் போர்டில் சுண்டிவிட்ட ஸ்ட்ரைக்கர் மாதிரி, அது தன் வேகத்தில் போய் அடித்துத் திரும்பும். சுண்டியபிறகு நீங்கள் உடம்பை எப்படி வளைத்தாலும் ஸ்ட்ரைக்கர் வளையாது இல்லையா, அதே கதைதான். அடிபட்ட ஸ்வரத்தை வளைக்க முடியாது, வளர்க்க முடியாது. பிறந்த கணத்திலிருந்தே அது தேய ஆரம்பித்துவிடும். கமகத்தில் வளர்ந்த காதுக்கு இது முதலில் ஒரு பெரிய வறுமையாகத்தான் தெரியும்.

அப்படியானால் பியானிஸ்ட்டின் கையில் உள்ள சொத்து என்ன? கட்டையை எப்போது அழுத்துவது, எவ்வளவு வேகமாக அழுத்துவது, எப்போது விடுவது. கூடவே காலடியில் பெடல்: அதை மிதித்தால் கம்பிகளை அடக்கிவைத்திருக்கும் பட்டைகள் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும், விரலை எடுத்தபிறகும் ஒலி மிதக்கும். கிட்டத்தட்ட இவ்வளவுதான். இவ்வளவு குறைந்த சொத்தை வைத்துக்கொண்டு இத்தனை மாறுபட்ட உலகங்கள் எப்படி வருகின்றன என்பதுதான் பியானோவின் வசீகரம்.

இசைக்குறிப்பு பாதிதான் சொல்லும். மெதுவாக என்று எழுதியிருக்கும், எவ்வளவு மெதுவாக என்று பெரும்பாலும் இருக்காது. மென்மையாக என்று இருக்கும், எதைவிட மென்மையாக என்று இருக்காது. நான்கு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் எந்த விரல் ஒரு சொட்டு அதிகமாக அழுத்தவேண்டும் என்று இருக்கவே இருக்காது. ஒரு சொனாட்டாவில் இப்படி ஆயிரக்கணக்கான முடிவுகளை வாசிப்பவர் எடுக்கவேண்டும். நாம் கேட்பது அந்த முடிவுகளை. "அவர் வாசிச்சா வேற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது நாம் சொல்ல வருவது இதைத்தான்.

*

எது பெரிய வாசிப்பு என்பதற்கு எளிதில் கைக்குக் கிடைக்கும் அளவுகோல் பிழையின்மை. இது வேலைக்கு ஆகாது என்பதற்கு வரலாறு நிறைய சாட்சி வைத்திருக்கிறது. ஆல்ஃபிரெட் கோர்த்தோவின் ஷோபான் ஒலிப்பதிவுகளில் தப்பு ஸ்வரங்கள் தாராளமாகக் கிடைக்கும். 1932 முதல் 1935 வரை லண்டனில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுசாக ஒலிப்பதிவு செய்தவர் ஆர்தர் ஷ்னாபெல். அதில் 106-ஆம் ஓபஸ் சொனாட்டாவின் முதல் பகுதியை, பீத்தோவன் குறித்துவைத்த மூச்சுமுட்டும் மெட்ரோனோம் வேகத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். விரல்கள் பல இடங்களில் இடறுகின்றன. அந்த இசைத்தட்டுகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அதைவிடச் சுத்தமாக வாசித்த எத்தனையோ பேரின் தட்டுகள் இல்லை.

ஆனால் இங்கே ஒரு எதிர்ப்பக்க மூடநம்பிக்கையும் உண்டு. தப்பு இருந்தால்தான் ஆன்மா இருக்கும், சுத்தமாக வாசித்தால் அது இயந்திரம் என்கிற நம்பிக்கை. மவுரிட்சியோ பொல்லினி 1972-ல் ஷோபானின் எத்யூதுகளைப் பதிவு செய்தார். வெட்டிவைத்த பளிங்கு மாதிரி ஒரு வாசிப்பு. "மனுஷன் ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்து வாசிச்சிருக்கார்" என்பார் இசைப்பித்தரான என் நண்பர் ஒருவர். எனக்கு அப்படிக் கேட்பதில்லை. கைப்பயிற்சி என்ற பெயரில் எழுதப்பட்ட அந்தத் துண்டுகளுக்குள் எவ்வளவு பெரிய கட்டுமானம் ஒளிந்திருக்கிறது என்பது அந்தச் சுத்தத்தால்தான் தெரிகிறது. அங்கே ஒரு தப்பு விழுந்தால் அது கண்ணாடியில் விரிசல். கோர்த்தோவிடம் விழும் தப்பு, பேச்சின் வேகத்தில் விழுங்கப்பட்ட ஓர் எழுத்து. ஆக, பிழை என்பதற்கே தனியாக அர்த்தமில்லை. அது எந்த வாசிப்புக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சர்க்கஸ். சர்க்கஸ் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

*

இரண்டாவது அளவுகோல் கொஞ்சம் கௌரவமானது: மூலத்துக்கு விசுவாசம். இசையமைப்பாளர் எழுதியதைச் செய்கிறவர் பெரியவர், மீறுகிறவர் சிறியவர். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு க்ளென் கூல்ட் பக்கம் போனால் அது உடைந்து கையில் வரும்.

பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களை கூல்ட் ஸ்டூடியோவில் இரண்டுமுறை பதிவு செய்தார். 1955-ல் செய்தது சுமார் 38 நிமிடம். 1981-ல் செய்தது சுமார் 51 நிமிடம். ஒரே ஆள், ஒரே இசைக்குறிப்பு. முதலாவது, 22 வயதுக்காரன் படிகளில் நான்கு நான்காகத் தாவி இறங்குவது போல இருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு வேரியேஷனின் வேகமும் அடுத்ததன் வேகத்தோடு கணக்குப்படி பிணைக்கப்பட்டிருக்கிறது. அடியில் ஒரே நாடித்துடிப்பு ஓடுகிறது, அது சில இடங்களில் இரட்டிக்கிறது, சில இடங்களில் பாதியாகிறது. விசுவாசம்தான் அளவு என்றால் இந்த இரண்டில் குறைந்தது ஒன்றாவது தப்பாக இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் தப்பாகத் தெரியவில்லை. இரண்டுமே உள்ளுக்குள் முழுசாக இருக்கின்றன. முதலாவதிலிருந்து ஒரு வேரியேஷனை எடுத்து இரண்டாவதில் சொருகினால் இரண்டுமே கெட்டுவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என்னுடைய அளவுகோல் இருக்கிறது. பெரிய வாசிப்பில் ஒரு முடிவு மற்ற முடிவுகளைக் கட்டாயமாக்குகிறது. இங்கே இவ்வளவு மெதுவாகப் போனால், அங்கே இவ்வளவு மென்மையாகத்தான் இருக்கமுடியும். இந்த ஸ்வரத்தை இவ்வளவு நேரம் பிடித்துவைத்தால் அதற்கு அரைமணி நேரம் கழித்து ஒரு விலை கொடுத்தே ஆகவேண்டும். சாதாரண வாசிப்பில் முடிவுகள் தனித்தனியாக நிற்கும்: இங்கே ஒரு அழகு, அங்கே ஒரு அதிரடி. வாடகை வீட்டில் ஆளுக்கொரு சாமானை வைத்துவிட்டுப் போனது மாதிரி.

வித்தியாசமாக வாசிப்பது மட்டும் போதாது என்பதற்கும் கூல்ட்டே சாட்சி. அவருக்கு மோட்சார்ட் பெரிதாகப் பிடிக்காது, அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனாலும் மோட்சார்ட்டின் சொனாட்டாக்கள் அனைத்தையும் பதிவு செய்தார். ஏ மேஜர் சொனாட்டாவின் தொடக்கத்தை எறும்பு ஊர்கிற வேகத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு வேரியேஷனிலும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அதைக் கேட்கும்போது எனக்குக் கேட்பது யோசனை மட்டும்தான். "இப்படியும் செய்யலாம், பார்த்தியா?" என்று பட்டிமன்றத்தில் ஒரு பாயிண்ட் எடுத்துவைப்பதுபோல. அந்த யோசனை அந்த இசைக்குள் வேறெதையும் திறக்கவில்லை. ஒரே ஆள், அதே துணிச்சல். பாஹில் அது பெரிய வாசிப்பாகிறது, மோட்சார்ட்டில் விதண்டாவாதமாக நின்றுவிடுகிறது. எனவே நாம் மதிப்பிடவேண்டியது ஆளை அல்ல, ஒவ்வொரு வாசிப்பையும். ரசிகர் மன்றங்கள் தடுமாறுவது இங்கேதான்.

*

இப்போது இந்த விவாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ சொனாட்டா, பி ஃப்ளாட் மேஜர். 1828 செப்டம்பரில் முடித்தார். அதே ஆண்டு நவம்பர் 19-ல் 31 வயதில் இறந்துபோனார்.

அது தொடங்கும் விதம் மிக எளிமையானது. தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட ஒரு கூட்டுப் பிரார்த்தனை போல ஒரு மெட்டு. அடியில் சலனமே இல்லாத மாதிரி ஒரு சலனம். எட்டாவது பாரில், பியானோவின் இடதுபக்கக் கோடியில், ஜி ஃப்ளாட்டில் ஒரு ட்ரில். இரண்டு பக்கத்து ஸ்வரங்கள் மாறி மாறி நடுங்குவது. மிக மெல்லியதாக. அந்த ஸ்வரத்துக்கும் அதுவரை நாம் கேட்ட மெட்டுக்கும் சம்பந்தமில்லை. தூரத்தில் இடி உருளுவது மாதிரி என்று சொல்வார்கள். பிறகு மௌனம். பிறகு எதுவும் நடக்காததுபோல அதே மெட்டு மறுபடியும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த ட்ரில் திரும்ப வரும், இம்முறை மெட்டே ஜி ஃப்ளாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் நின்ற அந்நியனின் வீட்டுக்குள் நாம் போய்விட்டோம்.

இதை எவ்வளவு மெதுவாக வாசிப்பது? ஷூபர்ட் எழுதிவைத்தது 'மிக மிதமான வேகம்' என்று பொருள்படும் இரண்டு இத்தாலியச் சொற்கள். ஸ்வியாத்தொஸ்லாவ் ரிக்டர் அதை எடுத்துக்கொண்ட விதம் யாரும் கற்பனை செய்திராதது. 1972-ல் அவர் செய்த ஒலிப்பதிவில் முதல் பகுதி மட்டும் ஏறத்தாழ 24 நிமிடம் ஓடுகிறது. முன்பு சொன்ன அதே நண்பரிடம் அதைப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடத்தில் எழுந்துவிட்டார். "இவர் வாசிக்கிறாரா, இல்ல தவம் பண்றாரா? ஒரு ஸ்வரத்துக்கும் இன்னொன்னுக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல!"

நண்பர் சொன்னதில் பாதி சரி. பியானோ ஒலி தேய்ந்துகொண்டே போகும் என்று பார்த்தோம். அவ்வளவு மெதுவாகப் போனால் மெட்டு அறுந்துவிடவேண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக விழுந்து சாகவேண்டும். அறுந்துபோகாமல் இருக்க ஒரே வழி, ஒரு ஸ்வரம் தேய்ந்து எந்த அளவில் நிற்கிறதோ அதைக் கேட்டு, அதே அளவிலிருந்து அடுத்ததைத் தொடங்குவது. ரிக்டர் 24 நிமிடமும் அதைச் செய்கிறார். அதனால் ஒலிவரம்பு முழுக்கவே கீழே இறங்குகிறது. அப்படி இறங்கியதால் எட்டாவது பாரின் ட்ரில் ஓர் அலங்காரமாக இல்லாமல் ஓர் இடமாக மாறிவிடுகிறது, நாம் அங்கே நிற்கிறோம். அதற்குப் பின் வரும் மௌனம் காலி இடமாக இல்லாமல் கனமாக இருக்கிறது. வேகம் ஒலியளவைத் தீர்மானிக்கிறது, ஒலியளவு ட்ரில்லைத் தீர்மானிக்கிறது, ட்ரில் மௌனத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு முடிவு மற்ற முடிவுகளைக் கட்டாயமாக்குகிறது என்று நான் சொன்னது இதைத்தான். இதில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்து யாராவது நகல் செய்தால் சிரிப்புதான் வரும்.

1957-ல் சோவியத் பயணத்தின்போது மாஸ்கோவில் ரிக்டர் இந்த சொனாட்டாவை வாசித்ததைக் கேட்க கூல்ட் போயிருந்தார். கூல்ட்டுக்கு ஷூபர்ட் என்றாலே ஒவ்வாமை, திரும்பத் திரும்ப வரும் அந்த அமைப்பு அவருக்குத் தாங்காது. ரிக்டர் தொடங்கிய வேகத்தைக் கேட்டதும் நெளிய ஆரம்பித்தவர், அடுத்த ஒரு மணி நேரம் மயக்கத்தில் கிடந்ததுபோல் உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு கேமரா முன்னால் சொன்னார். தனக்கு அலுப்பூட்டிய விஷயங்களே அன்றைக்குத் தேவையானவையாக மாறின என்பது அவர் சொன்னதன் சாரம்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்பவர்கள் இந்தச் சம்பவத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? ஷூபர்ட்டைப் பிடிக்காத ஒருவர், மெதுவாக வாசிப்பது தப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவர், தன் ரசனை முழுவதும் எதிர்த்து நின்றபோதும் தோற்றுப்போகிறார். ரசனை மட்டுமே எல்லாம் என்றால் இது நடந்திருக்கவே முடியாது. அவருடைய விருப்பத்துக்கு வெளியே ஏதோ ஒன்று அங்கே இருந்தது, அது அவரை வந்து தொட்டது.

எனக்கு ரிக்டரின் ஷூபர்ட் *பிடிக்குமா* என்று கேட்டால், உண்மையில் அடிக்கடி நான் போட்டுக் கேட்பது வில்ஹெல்ம் கெம்ஃப்பை. அவரிடம் அந்த மெட்டு நடக்கும், மூச்சுவிடும், பக்கத்தில் உட்கார்ந்து பேசும். ரிக்டரை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் என்னால் தாங்க முடியாது. ஆனாலும் இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை. கெம்ஃப் எனக்கு அந்த சொனாட்டாவைத் தருகிறார். ரிக்டருக்குப் பிறகு அந்த சொனாட்டாவில் இவ்வளவு இடம் இருந்தது என்பதே புதிதாகத் தெரிகிறது. பிடிப்பது ஒரு பக்கம், பெரிது என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அதிர்ஷ்டம், சேராவிட்டால் குடிமுழுகிப் போவதில்லை.

*

இதே சொனாட்டாவை வைத்து இன்னொரு சண்டையும் உண்டு. வேறுபட்ட ரசனைகள் எப்படிச் சண்டைபோடவேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம். முதல் பகுதியின் தொடக்கப் பிரிவைத் திரும்ப வாசிக்கச்சொல்லி ஷூபர்ட் குறித்திருக்கிறார். திரும்பப் போவதற்குமுன் வரும் சில பார்கள், திரும்பப் போகாவிட்டால் காதிலேயே விழாது. அந்தப் பார்களில்தான் அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த ட்ரில் ஒரே ஒருமுறை உரக்க வெடிக்கிறது.

2025-ல் மறைந்த ஆல்ஃபிரெட் ப்ரெண்டல் அதைத் திரும்ப வாசிக்கமாட்டார். அந்த வெடிப்பு இந்தப் பகுதியின் இயல்புக்கே அந்நியமானது, அதைக் கேட்டுவிட்டால் ட்ரில்லின் மர்மம் போய்விடுகிறது என்பது அவர் வாதம். ஆந்த்ராஷ் ஷிஃப் நேர் எதிர்க்கட்சி. ஷூபர்ட் எழுதிய இசையை வெட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது, அந்தப் பயங்கரம் இல்லாமல் அமைதிக்கு என்ன பொருள் என்பது அவர் பக்கம். ரிக்டரும் திரும்ப வாசிக்கிறவர்தான். கூல்ட் தன் பாஹில் திரும்பல்களை விட்டுவிடுவது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது.

கவனித்துப் பாருங்கள். ப்ரெண்டலும் ஷிஃப்பும் "எனக்குப் பிடிக்கும், பிடிக்காது" என்று பேசவில்லை. அந்த ட்ரில் என்ன, அது எத்தனை முறை எந்த அளவில் கேட்கவேண்டும் என்று பேசுகிறார்கள். சுட்டிக்காட்ட ஒரு பொருள் இருக்கிறது, அதனால் எதிராளி பதில் சொல்ல முடிகிறது. நான் ஷிஃப் பக்கம். ரிக்டரின் பதிவில் அந்த வெடிப்பு வரும்போது, அதற்குமுன் கேட்ட அமைதி எதை அடக்கிவைத்திருந்தது என்று தெரிகிறது. ஆனால் ப்ரெண்டலின் வாதம் இல்லாவிட்டால் அந்த வெடிப்பை நான் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கமாட்டேன். நல்ல எதிர்ரசனை செய்யும் உபகாரம் இது.

1962 ஏப்ரலில் நியூயார்க்கில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் செய்ததும் இதே வகை. பிராம்ஸின் டி மைனர் கன்செர்ட்டோவை கூல்ட்டோடு நடத்தவேண்டும். கூல்ட் கேட்ட வேகங்கள் பெர்ன்ஸ்டைனுக்கு ஒப்பாதவை. மேடையேறிப் பார்வையாளர்களிடம் அதை வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு கூல்ட்டின் வேகத்திலேயே நடத்தினார், ஏனென்றால் இவ்வளவு தீவிரமான கலைஞன் ஒன்றை நம்பிச் செய்தால் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்றார். பலர் அதைக் கூல்ட்டுக்கு நேர்ந்த அவமானமாகப் பார்த்தார்கள். எனக்கு அது ஒப்புதலில்லாமலே மரியாதை செய்வது எப்படி என்பதன் செயல்விளக்கம்.

*

இதற்கெல்லாம் ஒரு பலமான மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானிஸ்ட்டின் பெயரில், அவருடைய முதுமையில், நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்தன. புற்றுநோயோடு போராடிக்கொண்டு, வெளியுலகுக்கு வராமல், பியானோ இசையின் கடினமான எல்லைகளையெல்லாம் வாசித்துத்தள்ளிய மூதாட்டி! விமர்சகர்கள் உருகினார்கள். 2006-ல் அவர் இறந்தார். 2007-ல் ஒருவர் அவருடைய லிஸ்ட் தகட்டைக் கணினியில் போட்டபோது, மென்பொருள் அதை லாஸ்லோ சிமோன் என்பவரின் ஒலிப்பதிவு என்று அடையாளம் காட்டியது. தோண்டத் தோண்ட ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. சிலவற்றை வேகம் மாற்றி ஒளித்திருந்தார்கள். தகடுகளை வெளியிட்ட அவருடைய கணவர் பிறகு ஒப்புக்கொண்டார். இதில் மிகவும் சங்கடமான பகுதி: ராக்மானினாஃபின் மூன்றாம் கன்செர்ட்டோவில் யெஃபிம் பிரான்ஃப்மேனின் பதிவு முதலில் வெளிவந்தபோது அதை அரைமனதாக வரவேற்ற ஒரு விமர்சகர், அதே பதிவு ஹாட்டோவின் பெயரில் வந்தபோது வானளாவப் புகழ்ந்திருந்தார்.

2013-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி போகிறது. இசைப்போட்டிகளின் இறுதிச்சுற்றுக்கு வந்த மூன்று பேரில் யார் வென்றார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களிடமும் இதே முடிவுதான்.

ஆக நாம் கேட்பது வாசிப்பையா, கதையையும் முகபாவத்தையுமா? "பார்த்தீங்களா, பெரிய வாசிப்புன்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் பில்டப்பு" என்று என் நண்பர் இதைத்தான் துருப்புச்சீட்டாக இறக்குவார்.

நான் இதை வேறுமாதிரி பார்க்கிறேன். ஏமாற்ற முடிகிறது என்பதாலேயே உண்மை இல்லை என்று ஆகிவிடாது. கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்பதால் நல்லநோட்டு செல்லாமல் போவதில்லை. ஹாட்டோவின் பெயரில் வந்தவற்றில் பல உண்மையிலேயே அருமையான வாசிப்புகள், அஷ்கெனாசியுடையதுகூட அதில் இருந்தது. அவற்றைப் புகழ்ந்த காதுகள் முழுக்கத் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள், அந்தக் கொஞ்சம் கதைக்குக் கொடுத்த காசு. பொய் வெளிப்பட்டதும் அந்தக் காசு மட்டும் போனது, சிமோனின் லிஸ்ட்டும் பிரான்ஃப்மேனின் ராக்மானினாஃபும் அங்கேயேதான் இருக்கின்றன. இந்த மோசடி நமக்குக் கற்றுத்தருவது, மதிப்பீடே வீண் என்பதை அல்ல. மதிப்பிடும்போது கதையைத் தள்ளிவைக்கத் தெரியவேண்டும் என்பதை.

அப்படித் தள்ளிவைத்தபிறகும் நிற்கிற ஒருவரைச் சொல்கிறேன். ருமேனியாவின் தினு லிபாட்டி. இவருடையதும் நோயின் கதைதான், ஆனால் உண்மைக் கதை. 1950 செப்டம்பர் 16, பிரான்சில் பெசான்சோன் நகரம். ஹாட்ஜ்கின் நோய் முற்றிய நிலையில், மருத்துவர் தடுத்தும் மேடையேறினார். ஷோபானின் 14 வால்ட்ஸ்கள் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி. 13 முடிந்தது, பதினான்காவதற்குத் தெம்பில்லை. அதற்குப் பதிலாக பாஹின் ஒரு சிறு பக்திப்பாடலின் பியானோ வடிவத்தை வாசித்துவிட்டு எழுந்தார். டிசம்பர் 2-ல் இறந்துபோனார், வயது 33.

இந்தக் கதை தெரிந்தபிறகு அந்தப் பதிவைக் கண்ணீரில்லாமல் கேட்பது கஷ்டம். அதனால் அதை விட்டுவிடுங்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் அவர் பதிவு செய்த வால்ட்ஸ்களைக் கேளுங்கள், 14-ம் இருக்கிறது. அந்த ஒலியில் நோயில்லை. தன்னைப் பாருங்கள் என்கிற சைகை ஒன்றுகூட இல்லை. கூல்ட்டை இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடலாம், கூடவே முனகுவார். லிபாட்டியை அப்படிக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் சொல்லச் சொன்னால் திணறிப்போவேன். நடனத்தின் லேசான சாய்வு எங்கும் கெடாமல், இரண்டு கைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே போகின்றன, அவ்வளவுதான். தனித்தன்மை இருந்தால்தான் பெரிய வாசிப்பு என்று நினைப்பவர்களுக்கு லிபாட்டி ஒரு பதில். ரிக்டரிடம் முடிவுகள் ஒன்றையொன்று கட்டாயமாக்குவது நமக்குத் தெரிகிறது. லிபாட்டியிடமும் அதுவே நடக்கிறது, ஆனால் முடிவு எடுக்கப்பட்டதே தெரிவதில்லை.

*

வார்சாவுக்கு ஒரு கடைசி விஷயத்துக்காகப் போகவேண்டும். 1980-ஐப் பற்றிப் பேசும் எல்லோரும் பொகொரெலிச்சைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் அவரை வைத்துத்தான் தொடங்கினேன். போட்டியில் தோற்ற கையோடு பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று அவரை அள்ளிக்கொண்டது, உலகப்புகழ் வந்தது. அந்த ஆண்டு போட்டியை *வென்றது* யார்?

வியத்நாமைச் சேர்ந்த டாங் தாய் சன். ஷோபான் போட்டியை வென்ற முதல் ஆசியர். அவருடைய ஷோபான் சத்தம்போடாது, முகம்சுளிக்காது, பாடும். பொகொரெலிச் கிளப்பிய புழுதியில் அந்தப் பாட்டு ரொம்ப நாள் சரியாகக் கேட்காமலே போனது. பிறகு அவர் ஆசிரியரானார். 2021-ல் அதே போட்டியை வென்ற புரூஸ் லியு அவருடைய மாணவர். 2025-ல் வென்ற எரிக் லூவும் அவரிடம் படித்தவர்.

பொகொரெலிச் மேதையா என்றால், அந்தக் காலத்து அவருடைய சில ஒலிப்பதிவுகளைக் கேட்டபிறகு நான் ஆர்கெரிச் பக்கம்தான். ஆனால் 'பெரிய வாசிப்பு' என்று சொல்லும்போது நம் காது தன்னிச்சையாகச் சண்டை நடக்கும் திசைக்கே திரும்புகிறது. யாருக்கும் கோபம் வராத வாசிப்பு சிறியதாகத்தான் இருக்கும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அதுவும் கதைக்குக் கொடுக்கிற காசுதான்.

இந்த இசைக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிடித்தவரைப் பிடித்தபடி கேளுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். கூடவே, பிடிக்காத ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசித்ததில் ஓர் இடத்தைச் சுட்டி, இது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் இது இப்படி இருந்தால்தான் அது அப்படி இருக்கமுடியும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த அன்றைக்கு உங்கள் ரசனை கொஞ்சம் பெரிதாகியிருக்கும். என் நண்பர் இன்னும் ரிக்டரைக் கேட்பதில்லை. ஆனால் போன மாதம் பேசும்போது தானாகவே சொன்னார்: "அந்த எட்டாவது பார் மட்டும் வேற யார் வாசிச்சாலும் இப்போ எனக்குப் பத்தமாட்டேங்குது."